வர்க்கிக்குப் போட்ட கையெழுத்து

அரவேணு
10.02.2025

வெள்ளிப்பாறை எஸ்டேட் தொழிலாளர் படிப்பகத்தின் செயலாளர் திரு. ஜாபேஸ் அவர்களுக்கு,

மாப்பிள்ளை என்று எழுத வேண்டிய இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். என் தங்கை யூனிஸின் கணவருக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை. செயலாளருக்கு மட்டும்தான் இருக்கிறது.

நேற்று ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வழக்கம்போல் வாசிப்புக்கு வந்தோம். இருபத்திரண்டு பேர். கதவில் புதுப் பூட்டு. ஒன்பது வருடமாக என் சட்டைப் பையில் கிடக்கும் சாவி அதற்குள் நுழையவில்லை. புத்தக பீரோக்கள் இரண்டும் வராந்தாவில் நிற்கின்றன, மேலே ஒரு தார்ப்பாய். பிப்ரவரிப் பனி புத்தகத்தை என்ன செய்யும் என்று எஸ்டேட் ஆபீசில் முப்பது வருடம் ஃபைல் கட்டிய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதவில் ஒரு காகிதம். இரண்டாம் தேதி நடந்த பொதுக்குழுவில் நிறைவேறிய மூன்றாம் தீர்மானத்தின்படி, கூடம் ஐந்து ஆண்டுகளுக்கு, வாரம் ஏழு நாளும், கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர், ஓட்டல் வேலைப் பயிற்சிக்குத் தரப்பட்டிருக்கிறதாம்.

அந்தப் பொதுக்குழுவில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஆண்டறிக்கை வாசித்தீர்கள். இரண்டு டியூப் லைட் எரியவில்லை என்றீர்கள். நன்றி சொன்னீர்கள். மூன்றாம் தீர்மானம் எந்த நேரத்தில் நடந்தது? நாங்கள் கண்ணை மூடி ஜெபம் செய்தபோதா?

தையல்காரர் சுடலைமுத்து பூட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்மள உள்ள வெச்சுப் பூட்டியிருந்தாக்கூடப் புத்தகமாச்சும் படிச்சிருப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீர்மானத்தின் நகல் வேண்டும். போனில் பேசியதை மறுநாள் இல்லை என்று சொல்லலாம். அதனால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இனி எல்லாமே அப்படித்தான்.

தே. தேவநேசன்
உறுப்பினர் எண் 1


குன்னூர்
14.02.2025

மச்சான் அவர்களுக்கு,

உறவை நீங்கள் வெட்டினாலும் நான் வெட்டவில்லை. நீங்கள் மூத்தவர்.

நகல் இணைத்திருக்கிறேன். மேலே தீர்மானம். கீழே அறுபத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து யாருடையது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். ஊரில் வேறு யாருக்கும் 'தே'யில் அவ்வளவு நீளமாகக் கொம்பு இழுக்க வராது.

இனி என் பக்கம். அந்தக் கூடம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. ஏழாவது நாள் இருபத்திரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பழைய ராஜாவின் கல்வெட்டைப் படிக்கிறீர்கள், கவிதை படிக்கிறீர்கள், அரசியல் சட்டம் படிக்கிறீர்கள். நல்லது. படித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கொழுந்து பறித்தவள் கொழுந்து பறிக்கிறாள். தையல்காரர் தைக்கிறார். உங்களுக்கு அடுத்த லைன் வீட்டில் ஆஷ்லியின் மகள் அலீனா பிளஸ் டூ முடித்து நான்கு வருடமாக வீட்டில் இருக்கிறாள். இந்தக் கம்பெனி ஆறு மாதம் சொல்லிக்கொடுத்து ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ வேலைக்கு அனுப்புகிறது.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜினோவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. "உனக்கு எது பிடிக்குதோ அதப் படிடா" என்று மாமா சொன்னார் என்று வந்து நின்றான். சரித்திரம் படித்தான். இருபத்தேழு வயதில் திருப்பூரில் செல்போன் கவர் விற்கிறான். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கொடுத்த விலை என் மகன். கூடத்தையும் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஜாபேஸ்


அரவேணு
20.02.2025

செயலாளர் அவர்களுக்கு,

நகல் கிடைத்தது. கையெழுத்து என்னுடையதுதான். தீர்மானம் என்னுடையது அல்ல.

நடந்ததை எழுதுகிறேன், நீங்கள் மறந்திருந்தால் உதவும். நம் படிப்பகத்தில் கூட்டம் தொடங்குவதற்கு முன் மினிட்ஸ் புத்தகம் வாசலில் மேசைமேல் இருக்கும். கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு டோக்கன். டோக்கனுக்கு ஒரு டீ, இரண்டு வர்க்கி பிஸ்கட். வயதில் மூத்தவர் முதலில் போட வேண்டும் என்பது வழக்கம், ஆகவே நான் போட்டேன். அந்தப் பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. வருகைப் பதிவு என்று சொன்னீர்கள். வெள்ளைத்தாளில் வாங்கிய அறுபத்தொரு கையெழுத்துக்கு மேலே வீட்டில் உட்கார்ந்து தீர்மானம் எழுதினீர்கள். உங்கள் எழுத்து அழகானது, பொய்யும் அழகாக வந்திருக்கிறது.

என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் எஸ்டேட்டில் ஒரு விருப்பக் கடிதம் கொண்டுவந்தார்கள். லைன் வீடுகளைப் பழுது பார்க்க வேண்டும், காலி செய்ய எங்களுக்குச் சம்மதம் என்று எல்லோரும் எழுதித்தர வேண்டும். அந்த மாதம் ஞாயிறுகளில் நாங்கள் படித்தது நீங்கள் கேலி செய்யும் அந்தக் கல்வெட்டுத்தான். ராஜா நிலம் கொடுக்கிறார், வாங்கியவர் பெயர் இருக்கிறது, எல்லை இருக்கிறது, சாட்சி இருக்கிறது. அதுவரை அந்த நிலத்தில் உழுதவன் பெயர் மட்டும் இல்லை. எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேட்பது எங்கள் வழக்கம். யார் சொல்கிறார்? யாருக்குச் சொல்கிறார்? எதைச் சொல்லவில்லை?

சுடலைமுத்து எஸ்டேட் கடிதத்தை எடுத்து அதே கேள்வியைக் கேட்டார். "நாங்க போறோம், நாங்க போறோம்னு நாலு எடத்துல இருக்குது. திரும்பி வருவோம்னு ஒரு எடத்துலயும் இல்லீங்களே" என்றார். அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எல்லோரும் நின்றார்கள். சேர்த்தார்கள். பதினான்கு குடும்பம் இன்று பழுது பார்த்த வீட்டில் இருக்கிறது. உங்கள் கம்பெனி இதை எத்தனை மாதத்தில் சொல்லிக்கொடுக்கும்?

இன்னொன்று. சிலோனில் தோட்டத்தில் என் அப்பா ஒரு காகிதத்தில் ரேகை வைத்தார். ரேஷனுக்கு என்று நினைத்து வைத்தாராம். அது இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்ற விண்ணப்பம். எழுபத்து மூன்றில் எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டீ ஃபேக்டரியில் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து நானாகப் படிக்கத் தொடங்கியது அந்தக் காகிதத்தினால்தான். படிப்பகத்துக்கு முதல் உறுப்பினராகச் சேர்ந்ததும் அதனால்தான்.

ஜினோ செல்போன் கவர் விற்பது உங்களுக்கு வெட்கம். எனக்கு இல்லை.

தே. தேவநேசன்


குன்னூர்
27.02.2025

மச்சான் அவர்களுக்கு,

எதைச் சொல்லவில்லை என்பதுதானே உங்கள் மூன்றாவது கேள்வி? உங்கள் கடிதத்தை வைத்தே கேட்டுப் பார்த்தேன். ஓர் ஆளைக் காணவில்லை. ராக்கம்மா.

அன்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு மறதி இல்லை. நீங்கள் போட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ராக்கம்மா வந்தாள். பேனாவை வாங்கினாள். பிறகு என்ன சொன்னாள்?

"ஏனுங்க, மேல வெறுந்தாளா இருக்குது. இதுல என்னங்க எழுதப் போறீங்க?"

நான் பதில் சொல்வதற்கு முன் சொன்னது யார்? "போடும்மா ராக்கம்மா, வருகைப் பதிவுதான். பின்னால அறுபது பேரு நிக்கறாங்க, டீ ஆறிப்போகுது." இதைச் சொன்னது நீங்கள். வரிசை சிரித்தது. டீ போடும் பாண்டியராஜ், "ராக்கம்மாக்காவுக்கு ஐகோர்ட்டுல இருந்து ஆர்டர் வரோணும் போல" என்றான், அதற்கும் சிரித்தீர்கள். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் பின்னால் போய் நின்றாள். அவளுக்கு டோக்கன் இல்லை, டீ இல்லை, வர்க்கியும் இல்லை. மற்ற அறுபது பேரும் போட்டார்கள். தேவநேசன் அண்ணன் போட்டிருக்கிறார், அவரே கேட்பவளை அடக்குகிறார், பிறகென்ன என்று போட்டார்கள். அது என் புத்தகத்துக்காகப் போட்ட கையெழுத்து இல்லை மச்சான், உங்கள் பெயருக்காகப் போட்டது.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவருக்காவது எழுத்துத் தெரியாது.

மோசடி என்று பொதுக்குழுவில் எழுந்து பேசுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். பேசுங்கள். நானும் ராக்கம்மாவை எழுப்பிக் கேட்பேன். ஒன்பது வருடமாக எல்லோருக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் வாசிக்காமல் போட்டதோடு, கேட்டவளையும் வாயை மூடச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. தீர்மானத்தில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் கூடத்தைத் தரச் சொல்கிறேன். ராக்கம்மா விஷயம் என்னோடு இருக்கும்.

யூனிஸ் மூன்று நாளாக என்னோடும் பேசவில்லை, உங்கள் பெயரையும் எடுக்கவில்லை.

ஜாபேஸ்


அரவேணு
06.03.2025

செயலாளர் அவர்களுக்கு,

ஆட்சேபணை இருக்கிறது. உங்கள் ஒரு மணி நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சிறப்புப் பொதுக்குழு கூட்ட மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்க வேண்டும் என்பது விதி. எண்பத்து நான்கு பேருக்கு இருபத்தெட்டு. முப்பத்தோரு கையெழுத்தோடு மனு இணைத்திருக்கிறேன். வரும் பதினாறாம் தேதி ஞாயிறு கூட்ட வேண்டும். பூட்டைத் திறக்காவிட்டால் வாசலில் கூடுவோம்.

மனுவின் கடைசிப் பத்தியைப் பார்த்து நீங்கள் ஆச்சரியப்படலாம். உங்கள் கடிதத்துக்குப் பயந்து எழுதியது என்று நினைக்க வேண்டாம். முதலில் எழுதியதில் அந்தப் பத்தி இல்லை. வீடு வீடாகப் போய் மனுவை முழுதாக வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். முதலில் ராக்கம்மா வீட்டுக்குப் போனேன். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது, அதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"செயலாளர் செஞ்சது இருக்குதுங்க. நீங்க சொன்னது இதுல இல்லீங்களே."

"என்ன சொன்னேன்?"

"டீ ஆறிப்போகுதுன்னு."

அதற்கும் கூடத்துக்கும் சம்பந்தமில்லை என்றேன். எதிராளி கையில் நாமே கத்தியைக் கொடுக்கக் கூடாது என்றேன். குரலை உயர்த்தினேன் என்றும் நினைக்கிறேன். அவள் பேனாவை என் பக்கமே நகர்த்தி வைத்தாள், அன்று உங்கள் மேசையில் வைத்தாளே அதே மாதிரி. "அப்பிடீன்னா எனக்கு வேண்டாமுங்க" என்றாள்.

அன்று நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் நான் சொன்னதையும் கடைசிப் பத்தியாக எழுதிக்கொண்டு போனேன். அதுவும் மூன்று தரம் வாசித்தேன். போட்டாள்.

இது எனக்கும் ராக்கம்மாவுக்கும் நடந்தது. உங்களுக்கு எழுதக் காரணம், இனி அதைச் சொல்லி என்னை மிரட்ட உங்களுக்கு வேலையில்லை என்பதுதான்.

தே. தேவநேசன்


குன்னூர்
19.03.2025

மச்சான் அவர்களுக்கு,

செயலாளர் என்று எழுத வேண்டிய சங்கடம் இனி உங்களுக்கு இல்லை. பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். அதை வாசித்துக் காட்டி மினிட்ஸில் ஏற்ற வேண்டுமாம். வாசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எனக்குத் தொண்டையில் நிற்கிறது. எழுதிவிட்டால் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

நீங்கள் எழுந்ததும் நான் தயாராகத்தான் இருந்தேன். என்னை அரைமணி நேரம் திட்டுவீர்கள், நடுவில் ராக்கம்மா பெயரை எடுப்பேன் என்று காத்திருந்தேன். நீங்கள் என் பெயரையே சொல்லவில்லை. "வெறுந்தாள்ல முதல் கையெழுத்து நான் போட்டேன். என்னன்னு கேட்ட ராக்கம்மாவ நான்தான் அடக்கினேன். எனக்குப் பின்னால போட்ட அறுபது பேரும் என்னால போட்டீங்க. எங்கப்பா ஒரு தரம் செஞ்சத நான் எழுபத்து நாலு வயசுல, எழுத்துத் தெரிஞ்சுகிட்டே செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.  கடிதத்தில் நான் எழுதிய வார்த்தையை எடுத்து நீங்களே உங்கள்மேல் போட்டுக்கொண்டீர்கள். என் கையில் ஒன்றுமே இல்லாமல் ஆக்கினீர்கள். அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

பழைய தீர்மானம் ரத்து. சரி. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நீங்கள் மறக்க வேண்டாம். அலீனா எழுந்து உங்களைப் பார்த்து, "பெரியப்பா, தீர்மானம் வந்த வழி தப்பு. பயிற்சி வேண்டாம்னு அர்த்தமில்ல. எனக்கு வேணும்" என்றாள். திங்கள் முதல் சனி வரை கம்பெனிக்கு, ஞாயிறு வாசிப்புக்கு, ஓராண்டு பார்ப்போம் என்று புதிதாகத் தீர்மானம் கொண்டுவந்தாள். ஒரு நாள்கூட வெளியாருக்குத் தரக்கூடாது என்று நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். கை தூக்கச் சொன்னார்கள். அலீனா பக்கம் முப்பத்தெட்டு, உங்கள் பக்கம் இருபத்து மூன்று. முப்பத்தெட்டில் ஒரு கை உங்கள் ராக்கம்மாவுடையது. "ஞாயித்துக்கெழம நமக்கு, மத்த நாளு புள்ளைங்களுக்கு. எல்லாமே நமக்குன்னா எப்பிடிங்க?" என்று உங்கள் முகத்துக்கு நேராகக் கேட்டாள். அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு நன்றாக இருந்தது.

நான் கேட்டதில் பெரும்பகுதி கடைசியில் கிடைத்துவிட்டது. ஆனால் என்னால் கிடைத்ததாக இல்லை.

யூனிஸ் எல்லாவற்றையும் ஜினோவுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அன்று இரவு அவன் என்னைக் கூப்பிட்டான். நான் ஹலோ சொன்னதும், "கையெழுத்து மொதல்லயா, தீர்மானம் மொதல்லயாப்பா?" என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. "சரிப்பா" என்று வைத்துவிட்டான். இதையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள்.

ஜாபேஸ்


அரவேணு
24.03.2025

ஜாபேஸ் அவர்களுக்கு,

உங்கள் பதவி விலகல் கடிதத்தை நேற்று வாசித்தார்கள். தாளில் மேல்பாதி வெறுமையாக விடவில்லை. முன்னேற்றம்தான்.

மன்னிக்கப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்கவில்லை. நீங்களும் என்னிடம் கேட்க வேண்டாம், கிடைக்காது. அறுபத்தொரு பேரின் கையை எடுத்து உங்கள் கையாக்கிக்கொண்டீர்கள். கெட்ட நோக்கத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று பதினாறாம் தேதி உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். இவர்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தோற்றதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தோற்றேன். கம்பெனிக்குக் கூடம் தரக்கூடாது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன், அடுத்த வருடமும் எழுந்து சொல்வேன். ராக்கம்மா கை தூக்கியபோது எனக்கு வலித்தது. அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தை அலீனா இரண்டு தரம் உரக்க வாசித்தாள். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே எல்லோரும் போட்டார்கள், ராக்கம்மா உட்பட. நானும் போட்டேன். முதலில் இல்லை, வரிசையில் நாற்பதாவதாக. எனக்குப் பிடிக்காத தீர்மானத்தில் முழுதும் வாசித்துப் போட்ட கையெழுத்து. முதலில் டோக்கன், பிறகு கூட்டம் என்ற வழக்கத்தையும் எடுத்துவிட்டோம். இனிக் கூட்டம் முடிந்துதான் டீ. பாண்டியராஜ் என் காதில் விழும்படியே, "ஆறின டீயக் குடிங்க எல்லாரும், அண்ணனோட உத்தரவு" என்று ஊற்றிக் கொடுத்தான். ராக்கம்மாவுக்கு நான்கு வர்க்கி வைத்தான். இரண்டை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி வைத்துவிட்டாள்.

பீரோக்கள் உள்ளே வந்துவிட்டன. பதினேழு புத்தகம் பூஞ்சை பிடித்துப் போயிற்று. பட்டியல் இணைத்திருக்கிறேன்.

ஜினோவுக்கு அந்தக் கேள்வியை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்கிறீர்கள். ஆமாம். உங்களிடம் மட்டுமல்ல, என்னிடமும் கேட்டான். அதே இரவு எனக்கும் போன் வந்தது. "நீங்க எப்பிடி மாமா போட்டீங்க?" என்றான். நானும் எதுவும் சொல்லவில்லை. உங்களைவிட நான் அதிக நேரம் சும்மா இருந்தேன், ஏனென்றால் அவன் வைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதுவரை மூன்று கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒவ்வொன்றையும் பிரிப்பதற்கு முன்பே அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போட்டது. வேறு வழியில்லை, தபாலில் அப்படித்தான் வாங்க முடியும்.

அதனால் இதைச் சாதாரணத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து வேண்டாம். வாசியுங்கள், அல்லது வாசிக்காமல் போங்கள்.

ஞாயிறு நான்கு மணி. பூட்டு மாறியிருக்கிறது, கதவு திறந்திருக்கும்.

தே. தேவநேசன்